யாருமற்றவரின் நீத்தார் கடன்: யூத மரபு ஊரின் தலையில் வைத்த பொறுப்பு

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு வழக்கு வருகிறது. பிரதான ஆசாரியரும் ஒரு நசரேயரும் சேர்ந்து நடந்துபோகிறார்கள். வழியோரத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. இந்த இருவரில் யார் அந்த உடலை எடுத்து அடக்கம் செய்வது?

கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால் இந்த இருவரும் யாரென்று தெரிய வேண்டும். எருசலேம் ஆலயத்தின் பிரதான ஆசாரியருக்குப் பிணத்தீட்டு ஆகவே ஆகாது. பெற்ற தாய் தகப்பன் இறந்தாலும் அவர் உடலருகே போகக் கூடாது என்கிறது யூத வேதநூல்களில் ஒன்றான லேவியராகமம். நசரேயர் என்பவர் மதுவைத் தொடாமல், முடி வெட்டாமல் விரதம் காப்பவர். விரதக் காலத்தில் அவருக்கும் அதே கட்டுப்பாடுதான். ஆனால் எடுத்துப் போட ஆளில்லாத அந்த ஒரு பிணத்துக்காக இருவரும் தீட்டுப்படலாம். தீட்டுப்பட்டே ஆக வேண்டும். ரபி எலியேசர், ஆசாரியர்தான் இறங்க வேண்டும் என்றார். மற்ற அறிஞர்கள், நசரேயர் இறங்கட்டும் என்றார்கள். வாதமெல்லாம் இருவரில் யார் என்பதில்தான். ‘இருவரும் கண்டுகொள்ளாமல் போய்விடலாம்’ என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவர்கூட இல்லை.

இப்படி நாதியற்றுக் கிடக்கும் உடலுக்கு அவர்கள் மரபில் ‘மேத் மிட்ஸ்வா’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் சட்டங்களைத் தொகுத்த மைமோனிடிஸ் இதற்குச் சொன்ன இலக்கணம் எளிமையானது: வழியில் கிடக்கிறது, அடக்கம் செய்ய ஆளில்லை, கூப்பிட்டுப் பார்த்தால் பதில் சொல்லவும் யாரும் இல்லை. அப்படியானால் கண்டவர் கையில் வந்து சேர்கிறது அந்தக் கடமை. பஸ்கா பலி செலுத்தப் போய்க்கொண்டிருப்பவர், மகனுக்கு விருத்தசேதனம் செய்யப் போய்க்கொண்டிருப்பவர், இவர்களும் நின்று இதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது, மிஷ்னாவையும் அதன்மேல் அறிஞர்கள் நடத்திய விவாதங்களையும் கொண்ட தல்மூத். தோரா என்ற வேதத்தின் படிப்பு, ஆலய வழிபாடு எல்லாமே இதற்குப் பின்னால்தான். சடங்கில் இவ்வளவு கறாரான ஒரு மதம், தன் சடங்குகள் அனைத்தையும் ஒதுக்கி வைக்கும் இடம் இது.

தனியே இறந்தவர்களை அடக்கம் செய்வதை நாம் பொதுவாகத் தொண்டு என்கிறோம். நல்ல மனசுக்காரர்கள் செய்வது, செய்தால் புண்ணியம், செய்யாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. யூதச் சட்டம் இதைத் தொண்டுக் கணக்கில் வைக்கவில்லை. இறந்தவருக்கு ஊர் பட்ட கடன் என்று வைத்தது. அதனால்தான் அதைச் சுற்றி நிலவுரிமை, நிதி, சங்கம், துணியின் விலை வரை விதிகள் வளர்ந்தன. இன்றைக்கு நியூயார்க் பிணவறையில் உரிமை கோர ஆளில்லாமல் கிடக்கும் ஒரு முதியவரின் கோப்பை யாரோ ஒருவர் தேடிப் பிடித்து எடுக்கிறார் என்றால், அதன் பின்னணியில் இந்தச் சட்ட வரலாறு முழுவதும் இருக்கிறது.

நிலவுரிமை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யோசுவா கானான் தேசத்தை இஸ்ரவேல் கோத்திரங்களுக்குப் பங்கிட்டபோது பத்து நிபந்தனைகளோடுதான் கொடுத்தார் என்று தல்மூத் சொல்கிறது. அதில் ஒன்று: நாதியற்ற பிணம் தான் கிடக்கும் இடத்துக்குத் தானே உரிமையாளர். யாருடைய வயலாக இருந்தாலும் சரி, அங்கேயே குழி தோண்டலாம். நிலத்துக்காரர் மறுக்க முடியாது. அவர் கைக்கு நிலம் வந்தபோதே இந்த நிபந்தனையும் கூடவே வந்துவிட்டது. பாதையில் கிடந்தால் ஓரமாக நகர்த்தலாம். ஒரு பக்கம் தரிசும் மறுபக்கம் உழுத நிலமும் இருந்தால் தரிசுப் பக்கம், ஒரு பக்கம் உழுததும் மறுபக்கம் விதைத்ததும் இருந்தால் உழுத பக்கம். விவசாயியின் நஷ்டத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் உரிமை இறந்தவருடையது. வாழும்போது ஒரு சாண் நிலம் இல்லாதவருக்கும் செத்தபின் ஒரு பட்டா.

ரபி அகிவாவைப் பற்றி ஒரு கதை உண்டு. அறிஞர்களிடம் பாடம் கேட்க வந்த புதிதில், வழியில் இப்படி ஒரு பிணத்தைப் பார்த்தார். அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. நான்கு மில், அதாவது ஏறக்குறைய 4 கிலோமீட்டர், சுமந்துகொண்டு போய் ஒரு இடுகாட்டில் முறையாக அடக்கம் செய்தார். ரபி எலியேசரிடமும் ரபி யோசுவாவிடமும் இதைச் சொன்னபோது பாராட்டு வரும் என்று நினைத்திருப்பார். அவர்களோ, நீ எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் ரத்தம் சிந்தியதற்குச் சமம் என்றார்கள். அது அவருடைய இடம், அங்கேயே அடக்கம் செய்திருக்க வேண்டும், காத்திருக்க வைத்ததே தவறு. கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. செய்பவரின் நல்லெண்ணத்தை அவர்கள் எடைபோடவில்லை, இறந்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று மட்டும் பார்த்தார்கள்.

சரி, வழியில் கண்டவர் செய்வார். ஊருக்குள் செத்தால்? ஊரில் ஒரு பிணம் கிடக்கும்போது ஊர்க்காரர்கள் எவரும் வேலைக்குப் போகக் கூடாது என்பது பழைய விதி. பாபிலோனில் வாழ்ந்த ராவ் ஹம்னுனா ஒருமுறை ஒரு ஊருக்குப் போனார். சாவைத் தெரிவிக்கும் கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. ஆனால் ஜனங்கள் தம்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொதித்துப்போய், இவர்களை ஊர் விலக்கு வைக்க வேண்டும் என்றார். அப்புறம்தான் ஊர்க்காரர்கள் விளக்கினார்கள்: இங்கே குழுக்கள் இருக்கின்றன, முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. அப்படியானால் சரி என்று அடங்கினார்.

பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ‘ஹெவ்ரா கதிஷா’ என்ற அடக்கச் சங்கத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது இந்தச் சின்னச் சம்பவம்தான். ஒரு குழு பொறுப்பேற்றால்தான் மற்றவர்கள் கடையைத் திறக்கலாம். சங்கத்தில் இருப்பவர்கள் மற்ற எல்லோருடைய கடனையும் சேர்த்து அடைக்கிறார்கள். சங்கம் ஒழுங்காக நடக்கவில்லையென்றால் கடன் மறுபடி எல்லோர் தலையிலும் ஏறிவிடும்.

அடுத்தது செலவு. ஏழை தனியே சாவதற்குப் பெரிய காரணம் பணம்தான் என்பது இன்றைக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் சாவை விடச் சாவுச் செலவு உறவினருக்குப் பெரிய துயரமாக இருந்தது, உடலைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்று தல்மூத் பதிவு செய்கிறது. விலையுயர்ந்த துணியில் சுற்றி எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டதால் வந்த வினை. ரப்பான் கமாலியேல் அந்தக் காலத்தில் பெரிய பதவியில் இருந்தவர், செல்வர். தன்னைச் சாதாரணச் சணல்நூல் துணியில்தான் எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லி வைத்தார். அப்படியே எடுத்துப்போனார்கள். தலைவரே அப்படிப் போனபின் மற்றவர்களுக்கு என்ன கூச்சம்? ஊரே அதைப் பின்பற்றியது. இன்னொரு விதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. பணக்காரரின் முகத்தைத் திறந்து வைத்தும், பஞ்சத்தில் அடிபட்டுக் கருத்துப்போன ஏழையின் முகத்தை மூடியும் கொண்டுபோவார்கள். ஏழைகளுக்கு அது அவமானம் என்பதால் எல்லோர் முகத்தையும் மூடச் சொன்னார்கள்.

ஏழைக்கு நல்ல துணி வாங்கித் தரலாம் என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பணக்காரரின் துணியைக் குறைத்தார்கள். இலவசமாகக் கிடைத்த துணி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டால், கடன் தீர்ந்தாலும் மானம் போய்விடும். எல்லோருக்கும் ஒரே துணி என்றால் யார் இலவசம், யார் காசு கொடுத்தவர் என்று குழியருகே நிற்பவருக்குக்கூடத் தெரியாது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முந்திய இந்த ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த நடைமுறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். உடலைக் குளிப்பாட்டி உடுத்தும் சடங்குக்கு ‘தஹரா’ என்று பெயர். ஆண் உடலுக்கு ஆண்கள், பெண் உடலுக்குப் பெண்கள். நாலைந்து பேர் போதும். முதலில் இறந்தவரின் பெயரைச் சொல்லி, ‘எங்களை அறியாமல் உங்கள் மரியாதைக்குக் குறைவாக ஏதும் செய்துவிட்டால் மன்னியுங்கள்’ என்று கேட்டுக்கொள்வார்கள். உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதில்லை, கழுவும் பகுதியை மட்டும் திறந்து உடனே மூடுகிறார்கள். குப்புறப் போடுவதில்லை, பக்கவாட்டில் சாய்த்துத்தான் முதுகைக் கழுவ வேண்டும். உடலுக்கு மேலாக எதையும் கைமாற்றக் கூடாது; தண்ணீர்க் குவளை வேண்டுமென்றாலும் சுற்றிப் போய்த்தான் கொடுக்க வேண்டும். வேலைக்கு வேண்டிய பேச்சு தவிர வேறு பேச்சு கிடையாது. நகத்தின் அடியில் இருக்கும் அழுக்கைக்கூடச் சிறு குச்சியால் எடுக்கிறார்கள். அப்புறம் ‘ஒன்பது கவ்’ தண்ணீர், சுமார் 22 லிட்டருக்கு மேல், வாளி வாளியாக இடைவெளி விழாமல் ஊற்ற வேண்டும். ஒரு வாளி தீருமுன் அடுத்த வாளியின் தண்ணீர் விழத் தொடங்கிவிட வேண்டும்.

கழுவும்போது பல குழுக்களில், வேதத்தில் உள்ள காதல் பாடலான உன்னதப்பாட்டின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து வரிகளைச் சொல்கிறார்கள். காதலி காதலனின் அழகைத் தலையிலிருந்து கால்வரை வர்ணிக்கும் வரிகள்: தலை பசும்பொன், கண்கள் நீரோடை ஓரத்துப் புறாக்கள், கால்கள் பளிங்குத் தூண்கள். பல வருஷமாக யாரும் தொட்டுப் பேசாத ஒரு கிழவரின் உடல்மேல், அவரை உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்திராத நான்கு பேர் நின்று இந்த வரிகளைச் சொல்கிறார்கள்.

பிறகு உடுப்பு. வெள்ளைப் பருத்தியோ சணல்நூல் துணியோ, கையால் தைத்தது, பை கிடையாது, முடிச்சு கிடையாது. தொப்பி, சட்டை, கால்சட்டை, மேலங்கி, இடுப்புக் கச்சை, மேலே சுற்ற ஒரு துப்பட்டி. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பாவநிவாரண நாளில் மகாபரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும் பிரதான ஆசாரியர் உடுத்தும் எளிய வெள்ளை உடை சொல்லப்படுகிறது. இந்தச் சவ உடை அதைப் பார்த்து அமைத்தது. யாருக்காக அந்த ஆசாரியர் தீட்டுப்பட வேண்டுமோ, அவரே கடைசியில் அந்த ஆசாரியரின் உடையில் போகிறார்.

உடல் பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டால் இவையெல்லாம் முடியாது. அப்போது கழுவுவதை விட்டுவிட்டு, உடுப்பை உடல்மேல் முறைப்படி விரித்து வைப்பார்கள். தனியே இறப்பவர்களில் இப்படி ஆவது அபூர்வமல்ல. செய்ய முடிந்தவரை செய்கிறார்கள்.

பிராக் நகரத்தின் அடக்கச் சங்கம் 1564இல் தொடங்கியது. அவர்களுடைய வேலையை நோயாளி படுக்கையிலிருந்து குழிவரை வரிசையாகத் தீட்டிய 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துணி தைக்கும் பெண்கள், பெட்டி செய்யும் தச்சர்கள், குழி வெட்டுபவர்கள் எல்லோருமே சங்கத்து ஆட்கள். சங்கம் என்றாலே எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஏழைகளுக்கான செலவைச் சரிக்கட்டப் பணக்காரக் குடும்பங்களிடம் கல்லறை இடத்துக்குக் கனத்த தொகை கறந்த சங்கங்கள் உண்டு, அதனால் சண்டைகளும் உண்டு. உடலை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குச் செலவிடும் அந்தக் கணக்கு இல்லாமல் ஏழைக்கு இடுகாட்டில் இடம் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் யூதர்கள் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது இந்தப் பழைய ஏற்பாடு உடைந்தது. விட்டு வந்த ஊரில் சங்கம் இருந்தது. வந்த ஊரில் இல்லை. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, சந்தா வசூலித்து, இடுகாட்டில் இடம் வாங்கிப் போட்டார்கள். பலர் அதில் சேர்ந்ததே கல்லறைக்காகத்தான். சந்தா கட்ட முடியாதவர், எந்தச் சங்கத்திலும் சேராமல் தனியாக வந்த இளைஞர், பிரசவத்தில் போன பெண், பிறந்து சில நாளில் செத்த குழந்தை, இவர்களெல்லாம் வலையின் ஓட்டை வழியே கீழே விழுந்தார்கள். விழுந்த இடம் ஹார்ட் தீவு.

நகர நிர்வாகம் 1868இல் வாங்கிய அந்தத் தீவில், உரிமை கோராத உடல்களை நீண்ட பள்ளங்களில் பெட்டிமேல் பெட்டி அடுக்கிப் புதைத்தார்கள். குழி வெட்டியவர்கள் பெரும்பாலும் சிறைக்கைதிகள். இதுவரை அங்கே புதைக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அதற்கு முன்பே, 1854இல், உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுவைப் பாடத்துக்குக் கொடுக்க நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. முன்சம்மதமோ உறவினர் ஒப்புதலோ இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அந்த வழக்கத்தை முடித்தது 2016இல்தான். ஆளில்லாமல் செத்தால் அறுவை மேசை, இல்லாவிட்டால் பொதுப் பள்ளம்.

1888இல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் சில யூதர்கள் கூடித் தொடங்கிய அமைப்புதான் இன்று ‘ஹீப்ரூ ஃப்ரீ பரியல் அசோசியேஷன்’ என்ற பெயரில் நடக்கிறது. 1892இல் ஸ்டேட்டன் தீவில் சில்வர் லேக் என்ற இடத்தில் அவர்களுடைய இடுகாடு தொடங்கியது. 17 ஆண்டுகளில் 13,000க்கும் மேற்பட்ட குழிகள் நிறைந்துவிட்டன. கணிசமானவை குழந்தைகளுடையவை. 1909இல் மவுண்ட் ரிச்மண்ட் என்ற அடுத்த இடுகாடு. இன்றுவரை அந்த அமைப்பு அடக்கம் செய்தவர்கள் 60,000க்கும் மேல்.

1911 மார்ச் 25இல் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள், பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவர்களில் 22 பேர் மவுண்ட் ரிச்மண்டில் இருக்கிறார்கள். ஊரில் பெற்றோர், இங்கே வாடகை அறை, கையில் வாரக்கூலி, இதுதான் அவர்கள் நிலை. தீயில் அடையாளம் தெரியாமல் போன கடைசிச் சிலரை நகர நிர்வாகமே புரூக்ளினில் உள்ள எவர்கிரீன்ஸ் இடுகாட்டில் புதைத்தது. பெயர் தெரியாததால் யார் எந்தச் சமூகம் என்று சொல்ல வழியில்லை. அந்தப் பெயர்கள் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டபோது நூறு ஆண்டு ஆகியிருந்தது.

இன்றைய சிக்கல் முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது: இறந்தவர் யூதர் என்று உரிய நேரத்துக்குள் தெரிய வேண்டும். மிஷ்னாவின் வழிப்போக்கர் பிணத்தைக் கண்ணால் பார்த்தார். இப்போது பிணம் குளிர்பெட்டிக்குள் இருக்கிறது, வெளியே தெரிவது ஒரு எண். அமெரிக்காவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கெடு. கெடு தாண்டினால் பொதுப் புதைகுழி, அல்லது எரியூட்டல். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் உரிமை கோராத உடல்களை எரித்து, சாம்பலைச் சுமார் மூன்று ஆண்டு வைத்திருந்து, யாரும் வராவிட்டால் எல்லாச் சாம்பலையும் ஒரே குழியில் அடக்கம் செய்கிறார்கள். வருஷா வருஷம் டிசம்பரில் எல்லா மதத்தாரும் வந்து பிரார்த்தனை செய்யும் மரியாதையான நிகழ்ச்சி அது. ஆனால் யூதச் சட்டப்படி எரிப்பது கூடாது. அந்த நகரத்தின் முதல் தர்ம ஸ்தாபனமே 1854இல் யூதர்கள் இடுகாட்டுக்கு இடம் தேடுவதற்காகத் தொடங்கியது என்பது இங்கே நினைத்துப் பார்க்க வேண்டியது.

இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், ஏற்பாடு செய்ய ஆளில்லாத உடலை அடக்கம் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி மன்றத்தின் மேல் போடுகிறது. எரிப்பது இறந்தவரின் விருப்பத்துக்கு மாறானது என்று நம்பக் காரணம் இருந்தால் எரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தக் காரணம் அதிகாரியின் காதில் விழ வேண்டுமே. வீட்டு நிலைக்காலில் பதித்த, வேத வரிகள் அடங்கிய மெசூசா என்ற சிறு கூடு, மேசைமேல் பிரார்த்தனைப் புத்தகம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை, பெயர் தரும் சந்தேகம், இவைதான் தடயங்கள். மருத்துவமனைப் படிவத்தில் மதம் என்ற கட்டம் பல நேரம் காலியாக இருக்கும். ஐரோப்பாவில் ஒரு படிவத்தில் ‘யூதர்’ என்று எழுதியதால் குடும்பமே அழிந்ததைப் பார்த்தவர்கள், மறுபடி அப்படி எழுதத் தயங்கியதில் என்ன ஆச்சரியம்?

நெருங்கிய உறவினர் என்ற கட்டமும் அதே காரணத்தால் காலியாக இருக்கிறது. நாஜி முகாம்களிலிருந்து தப்பிய பலருக்குச் சாகும்போது யாருமில்லை. கொன்றவர்கள் எல்லோரையும் கொன்றார்கள். தப்பிய ஒருவர் எடுத்துப் போட ஆளில்லாமல் சாவது அந்தக் கொலைகளின் தொடர்ச்சி. அவர் உடலையும் எரித்துவிடக் கூடாது என்பதில் யூத அமைப்புகள் காட்டும் பதற்றத்தைச் சடங்குப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

2020 வசந்தத்தில் கொரோனா நியூயார்க்கைப் பிடித்தபோது, உடல்களை வைத்திருக்கும் கெடுவை நகரம் இரண்டு வாரமாகக் குறைத்தது. அதன்பின் ஹார்ட் தீவு. முதியோர் இல்லங்களில் தனியே இறந்தவர்களின் உறவினர்கள் வேறு மாநிலத்தில், வேறு நாட்டில், ஊரடங்கில் வீட்டுக்குள். மவுண்ட் ரிச்மண்டில் குழிகள் நாள்தோறும் வெட்டப்பட்டன. ஆண்களை அடக்கம் செய்யும்போது போர்த்தும் பிரார்த்தனைச் சால்வைகள் தீர்ந்துபோக, மக்கள் வீட்டில் இருந்ததை அனுப்பினார்கள், இறந்துபோன அப்பாவின் சால்வை, தாத்தாவின் சால்வை. ஒருவர் தகப்பனின் சால்வை யாரென்று தெரியாத இன்னொருவரோடு மண்ணுக்குள் போனது.

தூக்கிப் போட நாலு பேர் வேண்டும் என்று நாம் சொல்வோம். யூதர்களுக்குப் பத்து பேர் வேண்டும். கதிஷ் என்ற துக்கப் பிரார்த்தனையைச் சொல்லப் பத்து பேர் கொண்ட ‘மின்யான்’ கூட வேண்டும். தனியே இறந்தவருக்குப் பத்து பேரை எங்கே பிடிப்பது? அக்கம்பக்கத்து ஜெப ஆலயங்களுக்குத் தொலைபேசி, இப்போது வாட்ஸ்அப். 2019 சனவரியில் டொராண்டோவில் நாஜிகளிடமிருந்து தப்பிய ஒரு முதியவர் இறந்தார். பத்து பேர் தேறுவார்களா என்று சந்தேகம். சமூக ஊடகத்தில் ஒரு வேண்டுகோள் போனது. உறைய வைக்கும் குளிரில், அவரைத் தெரியாத இருநூறு பேர் இடுகாட்டுக்கு வந்து நின்றார்கள். ஆளாளுக்கு மண்வெட்டியை எடுத்து மண் போட்டார்கள்.

இந்தக் கடன் தங்கள் சமூகத்தோடு முடிந்துவிடுவதில்லை என்றும் தல்மூத் சொல்கிறது. ஊரில் யூதர் அல்லாதவர் இறந்து கிடந்தாலும், அமைதியின் பொருட்டு, அவர்களையும் அடக்கம் செய்ய வேண்டும். இதை நடைமுறையில் எந்த அளவு செய்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். யார் யூதர் என்ற கேள்வியிலேயே இஸ்ரேலில் கடுமையான சச்சரவு உண்டு. அங்கே அடக்கச் செலவைத் தேசியக் காப்பீடு சங்கங்களுக்குக் கொடுத்துவிடுகிறது, ஏழை என்பதால் எவரும் அடக்கமின்றிக் கிடப்பதில்லை. ஆனால் சோவியத் நாடுகளிலிருந்து குடிவந்தவர்களில், தாய் யூதர் அல்ல என்பதால் மதச் சட்டப்படி யூதராக ஏற்கப்படாதவர்கள், போராடித்தான் இடம் பெற வேண்டியிருந்தது. மாற்று இடுகாடுகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. மேத் மிட்ஸ்வாவுக்காகப் பிரதான ஆசாரியரையே குழியில் இறக்கிய ஒரு மரபு, சான்றிதழைக் கேட்டு வாசலில் நிறுத்துவது எனக்கு வலிக்கிறது.

சங்கத்தாருக்கு ஆண்டில் ஒரு நாள் உண்டு: யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 7ஆம் தேதி, மோசே இறந்ததாகக் கருதப்படும் நாள். பகலில் நோன்பிருந்து, கடந்த ஆண்டில் உடல்களைக் கையாண்டதில் நேர்ந்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, இரவில் சேர்ந்து விருந்துண்கிறார்கள். மோசே மலைமேல் தனியாகத்தான் செத்தார். பக்கத்தில் யாருமில்லை. உபாகமம் என்ற வேதநூலின் கடைசி அதிகாரத்தின்படி கடவுளே அவரை அடக்கம் செய்தார், இடம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. புதைத்த இடம் தெரியாத படைவீரர்களை இஸ்ரேல் நினைவுகூர்வதும் அதே நாளில்தான்.

உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் இன்னொரு சட்டம். வயல்வெளியில் ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார், கொன்றவர் யாரென்று தெரியவில்லை. மூப்பர்கள் வந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்க வேண்டும். எது மிக அருகில் இருக்கிறதோ அந்த ஊர் மூப்பர்கள் ஒரு கடாரியைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் அதன் கழுத்தை முறித்து, கை கழுவி, ‘எங்கள் கைகள் இந்த ரத்தத்தைச் சிந்தவில்லை’ என்று அறிக்கையிட வேண்டும். மிஷ்னா இங்கே நின்று கேட்கிறது: ஊர்ப் பெரியவர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது நினைத்தார்களா என்ன? எதற்கு இந்த அறிக்கை? அதுவே பதிலும் சொல்கிறது. எங்களிடம் வந்தவரை உணவின்றி அனுப்பவில்லை, கண்ணில் பட்டவரைத் துணையின்றி விடவில்லை என்று அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி சாவுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. இன்றைய அடக்க அமைப்புகளுக்கு இது நடைமுறையில் தெரியும். பிணவறைக்குப் போய்த் தேடுவதைவிட, உயிரோடு இருக்கும்போதே ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. அதனால் முதியோர் இல்லங்களோடும் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்களோடும் தொடர்பு வைத்துக்கொள்கிறார்கள். யாருமற்றவர் என்றால் அவருடைய எபிரேயப் பெயரையும் தகப்பன் பெயரையும் முன்பே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அந்த இரண்டும் தெரிந்தால்தான் குளிப்பாட்டும்போது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க முடியும். மவுண்ட் ரிச்மண்டில் கல் இல்லாமல் கிடக்கும் பழைய கல்லறைகளுக்கு நன்கொடை திரட்டி, பதிவேட்டைப் பார்த்துப் பெயர் பொறித்துக் கல் நடும் வேலையும் கூடவே நடந்துகொண்டிருக்கிறது.